பொன்விழாவும் பொன்னின் பிணைப்பும்

நிறுவனங்களின் வயதை உலோகங்களாற் குறிக்கும் வழக்கம் எங்கிருந்து நம்மிடம் வந்ததாயினும், இன்று அது நமது மரபாகவே நிலைத்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டு நிறைந்தால் வெள்ளிவிழா; ஐம்பது நிறைந்தாற் பொன்விழா; அறுபது நிறைந்தால் வைரவிழா. நமது பழைய மாணவர் சங்கம் தன் பொன்விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில் மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டினர். தமிழாசிரியனிடமிருந்து சங்க இலக்கியமோ சைவத் திருமுறையோ பற்றிய கட்டுரை வருமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வெள்ளியும் பொன்னும் உலோகங்கள், வைரமோ உலோகமன்று. முதலிரண்டையுங் கடந்து மூன்றாவதை அடைதலே உயர்வென உலகம் கருதுகின்றது. பொருள்களின் உள்ளமைப்பை நோக்குமிடத்து, அவ்வுயர்வு ஐயத்துக்கிடமானது என்பதே என் துணிபு.

பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய யான் இப்பொருளிற் புகுந்தமைக்கு ஒரு சொல்லே காரணம். சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர விஞ்ஞானப் பிரிவில் கற்ற மாணவன் ஒருவன் தன் இரசாயனவியற் கொப்பியுடன் ஆசிரியர் அறைக்கு வந்தான். உலோக நேரயன்களுக்கும் ஓரிடப்படாத இலத்திரன்களுக்கும் இடையே நிலவும் நிலைமின் கவர்ச்சியே உலோகப் பிணைப்பு என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதனை ஓரெழுத்தும் பிசகாது ஒப்புவிக்க அவனால் முடிந்தது. அவனுடைய கேள்வி வேறு. “சேர், ஓரிடப்படாத என்றால் என்ன கருத்து? எங்களைப் போல இடம்பெயர்ந்தது என்றோ?” எனக் கேட்டான். அவன் பெற்றோர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். அவன் பிறந்ததும் வளர்ந்ததும் நலன்புரி முகாமில். அவன் நகைத்துக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான்.

சொல்லுக்குப் பொருள் கூறுதல் தமிழாசிரியன் கடமை. ஆயினும் பொருளை அறியாமற் சொல்லை விளக்குதல் இயலாது. எனவே அவனிடம் இரண்டு நாள் தவணை பெற்று, இரசாயனவியல் ஆசிரியரிடம் நூல்களை இரவல் வாங்கிக் கற்றேன். அன்று தொடங்கிய கல்வி இன்றும் முடியவில்லை. அவனுக்கு அன்று சுருக்கமாகக் கூறிய விடையையே ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

அணுவின் நடுவே நேரேற்றம் கொண்ட கருவும், அதனைச் சூழ மறையேற்றம் கொண்ட இலத்திரன்களும் உள்ளன என்பதை யாவரும் அறிவர். உலோக அணுக்களின் பொதுத்தன்மை யாதெனின், அவை தம் புறத்தேயுள்ள ஒருசில இலத்திரன்களை இறுகப் பற்றுவதில்லை என்பதாம். சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள் உள. அவற்றுட் பத்து உள்ளே உறுதியாய் அமைந்தவை. எஞ்சிய ஒன்று புறத்தே தளர்வாய் நிற்பது. கணக்கற்ற சோடிய அணுக்கள் நெருங்கி அணிவகுக்கும்போது அப்புற இலத்திரன் எந்த அணுவுக்கு உரியது என்று சுட்டிக் கூறுதல் இயலாதாகின்றது. அது கட்டி முழுவதிலும் பரவி நிற்கின்றது. இலத்திரனை அவ்வாறு விடுத்த அணுக்கள் நேரயன்களாகித் தத்தம் இடத்தில் வரிசையாய் நிற்கின்றன. அவ்வயன்கள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. அவற்றைப் பிரியவிடாது சேர்த்து வைத்திருப்பது இடையெங்கும் பரந்திருக்கும் இலத்திரன் கூட்டமே. செம்பின் ஒரு கன சென்ரிமீற்றரில் இத்தகைய இலத்திரன்கள் எத்துணை உளவெனின், 8.5 என்னும் எண்ணை இருபத்திரண்டு தடவை பத்தாற் பெருக்கினால் வருந் தொகை எனலாம்.

ஆகவே அம்மாணவனுக்கு யான் கூறிய விடை இதுவே: “தம்பி, இடம்பெயர்ந்தவன் தன் இடத்தை இழந்தவன், ஓரிடப்படாதது ஓர் இடத்துக்கு மட்டும் உரியதாகாதது. முன்னதற்கு எந்த இடமும் தன்னுடையதன்று. பின்னதற்கு எல்லா இடமும் தன்னுடையவே.” அவன் சற்றுநேரம் மௌனமாயிருந்தான். பின்பு, “அப்படியென்றால் நல்ல சொல்தான் சேர்” என்று கூறிச் சென்றான்.

இக்கருத்து ஒரே நாளில் தோன்றியதன்று. இலத்திரன் என ஒரு துணிக்கை உண்டென்பதை ஜே. ஜே. தொம்சன் நிறுவியது 1897 ஆம் ஆண்டில். மூன்றாண்டு கழித்து, 1900 ஆம் ஆண்டில், ஜேர்மனிய அறிஞர் துரூடே, உலோகத்தினுள் இலத்திரன்கள் வாயுவின் துணிக்கைகள் போல ஓடித் திரிகின்றன எனக் கொண்டு மின்கடத்தலை விளக்கினார். நன்றாய் மின்னைக் கடத்தும் உலோகமே வெப்பத்தையும் நன்றாய்க் கடத்தும் என்று வீடமன், பிரான்சு என்னும் இருவர் 1853 ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். இரண்டையுஞ் சுமப்பவை அவ்விலத்திரன்களே என்பது துரூடேயின் கொள்கையால் விளங்கிற்று. ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. அத்துணை இலத்திரன்களும் வாயுத் துணிக்கைகள் போல வெப்பத்தைப் பங்கிட்டுக் கொள்வனவாயின், உலோகத்தைச் சூடாக்குவதற்கு உண்மையில் வேண்டியிருப்பதினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பம் வேண்டப்படல் வேண்டும். அங்ஙனம் வேண்டப்படுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டை 1927 ஆம் ஆண்டளவில் சொமர்பெல்டு தீர்த்தார். ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருத்தல் இயலாது என்னும் பவுலியின் விதி அதற்குத் துணையாயிற்று. நிறைந்த பரீட்சை மண்டபத்தை எண்ணிப் பார்க்க. நடு வரிசையில் இருப்பவன் எழுந்து வேறோர் ஆசனத்திற்குச் செல்ல விரும்பினும் வெற்றாசனம் அருகில் இல்லை. கடைசி வரிசையில் இருப்போருக்கே அவ்வசதி உண்டு. அதுபோலச் சத்தியில் உச்சநிலையில் இருக்கும் ஒருசில இலத்திரன்களே வெப்பத்தை ஏற்க வல்லன. அடுத்த ஆண்டிலேயே புளொக் என்பார், அயன்களின் அணிவகுப்பு முற்றிலும் ஒழுங்காயிருப்பின் அது இலத்திரனின் செலவுக்குத் தடையே ஆகாது என்று காட்டினார். அயன்கள் வெப்பத்தால் நடுங்குவதும், அணிவகுப்பிற் குறைகள் இருப்பதுமே தடைக்குக் காரணம். சூடேறச் சூடேற உலோகக் கம்பியின் தடை மிகுவது இதனாலேயாம்.

இனி உலோகங்களின் குணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பிணைப்பின் வலிமையை உருகுநிலை ஓரளவு காட்டும். சோடியம் அணு ஓர் இலத்திரனைப் பொதுவில் விடுவது. அது 98 பாகை செல்சியசில் உருகும். மகனீசியம் இரண்டை விடுவது. அதன் உருகுநிலை 650 பாகை. அலுமினியம் மூன்றை விடுவது. அதற்கு 660 பாகை. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றம் சிறிதே என்பதனால், இலத்திரன்களின் எண்ணிக்கை மட்டுமன்றி அயன்களின் பருமனும் அணிவகுப்பும் கணக்கிற் சேரும் என்பது பெறப்படும். மின்குமிழின் இழையாய்ப் பயன்பட்ட தங்குதன் 3,422 பாகை வரை உருகாது நிற்கும். மறுபுறம் இரசம் என்னும் பாதரசம் பூச்சியத்துக்குக் கீழ் 39 பாகையிலேயே உருகிவிடுகின்றது. பாரமான கருவைச் சுற்றும் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகும் வேகத்தன. ஆகலின் ஐன்சுடைனின் சார்புக் கொள்கைப்படி அவை உட்சுருங்குகின்றன. இரசம் தன் புற இலத்திரன்களை உலோபியைப் போல இறுகப் பற்றிப் பொதுவில் விட மறுப்பதற்கு இதுவே காரணம் என்பதை 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த கணிப்பு உறுதி செய்தது.

மின்கடத்தலில் ஒரு வியப்புண்டு. செம்பினுள் விரைந்து திரியும் இலத்திரன்களின் வேகம் செக்கனுக்கு 1,500 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. ஆனால் அவை எல்லாத் திசையிலும் திரிவதால் தேறிய செலவு எதுவுமில்லை. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய செப்புக் கம்பியில் ஓர் அம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, அவை ஒருமுகமாக நகரும் தூரம் மணித்தியாலத்துக்கு ஒரு முழமும் இல்லை. இருந்தும் ஆளியைத் தட்டியவுடன் விளக்கு எரிகின்றது. தொலைவிலிருந்து ஓர் இலத்திரன் ஓடிவந்து விளக்கை ஏற்றுவதில்லை. கம்பி முழுவதிலும் ஏற்கெனவே நிறைந்திருப்பவை ஏறக்குறைய ஒரே கணத்தில் அசையத் தொடங்குகின்றன.

வெப்பக் கடத்தலுக்கு நம் வீட்டுப் பொருள்களே சான்று. பித்தளை மூக்குப்பேணியிற் சுடுபாலை வார்த்த மாத்திரத்தே விரல் சுடுகின்றது. அதே பாலைத் துழாவும் சிரட்டை அகப்பையின் காம்போ சுடுவதில்லை. மரத்தின் இலத்திரன்கள் தத்தம் பிணைப்புக்களிற் கட்டுண்டவை. மினுக்கமும் இவ்வாறே. உலோகப் பரப்பிற் படும் ஒளியை அங்குள்ள இலத்திரன்கள் ஏற்று உடனே திருப்பிவிடுகின்றன. வெள்ளி ஏறக்குறைய எல்லா நிறங்களையும் திருப்புவதால் வெண்மையாய் ஒளிர்கின்றது. பொன் நீல நிறத்தை உட்கொண்டு எஞ்சியதைத் திருப்புவதால் மஞ்சளாய் ஒளிர்கின்றது. திருவிழாவுக்கு முதல்நாள் நம் தாய்மார் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவர். புளியின் அமிலம் மேற்படிந்த மாசை அகற்ற, ஒளியைத் திருப்பும் தூய உலோகப் பரப்பு மீண்டும் வெளிப்படுகின்றது.

யாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது, தகடாகவும் கம்பியாகவும் இணங்கும் இயல்பாம். தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பொன் செய்வோனைத் தட்டான் என்று தட்டுந் தொழிலாற் பெயரிட்டனர். பொன் என்னுஞ் சொல்லையே உலோகங்களுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கினர். இரும்பு கரும்பொன் ஆயிற்று. வெள்ளி வெண்பொன் ஆயிற்று. ஐந்து உலோகங்களின் கலவை ஐம்பொன் ஆயிற்று. புறத்தே நிறமும் விலையும் வேறுபட்டனவாயினும் உள்ளே ஒரே குடும்பம் என்னும் உணர்ச்சி அச்சொல்லாட்சியிற் காணப்படுகின்றது.

கல்லுப்பைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். அதன் அயன்கள் நேரும் மறையுமாய் மாறி மாறி நிற்பவை. ஒரு வரிசை சிறிது வழுவினால் ஒத்த ஏற்றங்கள் எதிரெதிரே வந்து தள்ளிக்கொள்ளும். வைரமும் அடிக்கு உடையும். அதன் காபன் அணு ஒவ்வொன்றும் நான்கு அயலவரோடு குறித்த திசையிற் பிணைந்துள்ளது. அப்பிணைப்பின் இலத்திரன்கள் அவ்விரண்டு அணுக்களுக்கு இடையே கட்டுண்டவை. அதனாலேதான் அது கடினமானது, அதனாலேதான் வளைந்துகொடாது. பொன்னில் ஒரு வரிசை வழுவினாலும் இலத்திரன் கூட்டம் புதிய அயலவரையும் முன்போலவே சேர்த்துக்கொள்கின்றது. ஒரு கிராம் பொன்னை ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் பரப்புள்ள மெல்லிய தாளாகத் தட்டல் கூடும்.

வரிசை முழுவதும் ஒரே தடவையில் வழுவுவதில்லை. பெரிய பாயை நிலத்தின்மேல் இழுப்பது கடினம். ஓர் ஓரத்தில் மடிப்பொன்றை உண்டாக்கி அம்மடிப்பைத் தள்ளிச் சென்றால் பாய் எளிதில் நகரும். உலோகத்தின் அணிவகுப்பிலும் இத்தகைய மடிப்புக்கள் உளவென 1934 ஆம் ஆண்டில் தெயிலர், ஒரோவன், பொலானி என்னும் மூவர் தனித்தனியே கண்டனர். தட்டத் தட்ட மடிப்புக்கள் பெருகி ஒன்றோடொன்று சிக்குண்ண, உலோகம் இறுகுகின்றது. சூடேற்றினாற் சிக்கல் அவிழ்ந்து மீண்டும் இளகுகின்றது.

இதனை நூலிற் கற்பதற்குப் பல்லாண்டு முன்னரே யான் கண்ணாற் கண்டிருந்தேன். 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்தினின்றும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த பெருந்திரளில் எமது குடும்பமும் ஒன்று. அப்போது யான் பாடசாலை மாணவன். சாவகச்சேரியில் ஒரு கொட்டிலில் முதியவர் ஒருவர் பட்டடையும் ஊதுகுழலும் உமிச்சட்டியும் வைத்து நகைவேலை செய்துகொண்டிருந்தார். அவரும் எம்மைப்போல் வந்தவரே. அரிசிக்காக விற்றது போக எஞ்சிய ஒற்றைக் காப்பை என் தாயார் அவரிடம் கொடுத்து, தங்கைக்கு ஒரு சோடித் தோடு செய்யச் சொன்னார். அளவு போதாமையால் அயல்வீட்டார் தந்த உடைந்த மோதிரத் துண்டொன்றும் சேர்க்கப்பட்டது. இரண்டும் மூசையில் உருகி ஒன்றாவதை யான் பார்த்திருந்தேன். “பொன்னுக்கு முந்தின உருவம் ஞாபகமிராது தம்பி, உருக்கினால் எந்தப் பொன்னோடும் ஒட்டும்” என்றார் முதியவர். பின்பு தட்டினார், நெருப்பிற் காட்டினார், மீண்டும் தட்டினார். “அடிக்க அடிக்க இறுகும். இறுகினதை மேலும் அடித்தால் வெடிக்கும். இடையிடையே நெருப்புக் காட்டவேண்டும்” என்றார். அவர் அறிந்திருந்த உண்மைக்கு நூலார் தந்த விளக்கத்தையே மேலே கூறினேன்.

தூய பொன் அணிகலனுக்கு ஆகாத அளவு மென்மையானது என்பதையும் அத்தொழிலாளர் அறிவர். இருபத்துநான்கு பங்கில் இரண்டு பங்கு செம்பு முதலிய பிறவுலோகம் சேரவே நகைக்குரிய உறுதி உண்டாகின்றது. வேறு பருமனுள்ள அணுக்கள் இடையே புகுந்து மடிப்புக்கள் ஓடாதவாறு தடுக்கின்றன. செம்போடு நாகம் சேரப் பித்தளையும், வெள்ளீயம் சேர வெண்கலமும், இரும்பின் இடைவெளிகளிற் சிறிது காபன் சேர உருக்கும் உண்டாகின்றன. கோயில் மணிக்கு ஐந்தில் ஒரு பங்களவு வெள்ளீயம் சேர்ப்பர். அதனால் அது இனிய நெடிய நாதம் தரும், ஆனால் விழுந்தால் வெடித்தலுங் கூடும்.

இவற்றைத் தமிழில் எழுதுதல் இயலுமா என்று ஐயுறுவார் இன்றும் உளர். மருத்துவர் சாமுவேல் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயனவியல் நூல் 1875 ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. உலகம் இலத்திரனை அறிவதற்கு இருபத்திரண்டு ஆண்டு முன் அது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலாநந்த அடிகளே, பின்பு பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும், சென்னையிற் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைவராகவும் அமைந்தார். சொற்கள் நம்மிடம் உள. அச்சொற்களின் பொருளை மாணவன் உணர்கின்றானா, அன்றிப் புள்ளிக்காக ஒப்புவிக்கின்றானா என்பதே இன்றைய வினா. கொப்பியோடு வந்த அம்மாணவன் வினவாதிருந்தால், சரியான விடையை எழுதி, முழுப் புள்ளியும் பெற்று, யாதும் அறியாமற் சென்றிருப்பான்.

இங்கே பழைய மாணவராகிய உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றீர்கள். உங்களை இழந்தோம் என்று யாம் கூறுவதில்லை. அணுவை விட்டு நீங்கிய இலத்திரனாலேயே உலோகம் உலோகமாகின்றது. ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. அணுவை விட்டு நீங்கிய இலத்திரன் உலோகத்தை விட்டு நீங்குவதில்லை. எல்லா இலத்திரன்களும் உலோகத்தையே துறந்து செல்லுமாயின், எஞ்சிய அயன்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறுமேயன்றி வரிசையாய் நில்லா. இங்கே தங்கி நிற்கும் ஆசிரியரும் மாணவரும் அவ்வயன்கள் போன்றோர். இடம் பெயராது நிற்றல் எமக்கு விதிக்கப்பட்ட பணி.

கட்டடங்களுக்கு நீங்கள் ஈந்த பொருளை நன்றியோடு நினைக்கின்றோம். அதனினும் அரிய ஒன்றையும் வேண்டுகின்றேன். தாயகம் வரும்போது விழா மேடையோடு நில்லாது, ஒரு பாடவேளை வகுப்பறைக்கு வாருங்கள். பொறியியலாளர் ஒரு செப்புக் கம்பியையும் மின்கலத்தையும் கொண்டு வரலாம். மருத்துவர் தம் கருவியொன்றைக் காட்டி அதன் உலோகம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று கூறலாம். நகைவணிகர் பொன்னின் மாற்றை விளக்கலாம். தமிழிற் கூறுங்கள், சொல் தடைப்பட்டால் அருகில் யான் இருப்பேன். இலத்திரன் மணித்தியாலத்துக்கு ஒரு முழம் நகர்ந்தாலும் விளக்கு எரிகின்றது. உங்களிடம் யாம் வேண்டுவதும் அவ்வளவே.

இன்னும் பத்தாண்டில் வைரவிழா வரும். அதனையும் சிறப்பாகக் கொண்டாடுவோம். ஆனால் அப்பெயருக்காக வைரத்தின் இயல்பை நாம் மேற்கொள்ள வேண்டுவதில்லை. குறித்த நால்வரையன்றிப் பிறரோடு பிணையாது, அடிபட்டால் உடையும் கடினம் நமக்கு வேண்டா. அடிபட்டும் உடையாது, உருகியும் தன்மை கெடாது, புதிதாய் வந்தாரையும் முன்னிருந்தார் போலவே ஏற்கும் பொன்னின் பிணைப்பே நமது கல்லூரிக்கு என்றும் உரியதாகுக. சங்கம் நீடு வாழ்க, கல்லூரி ஓங்குக.